கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார் என்பது பதிலாகாது

ஹங்கேரியின் மிக்லோஷ் ஹோர்த்தியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஒரு ஜோக்கில்தான் ஆரம்பிப்பார்கள். 1941 டிசம்பர். ஹங்கேரி அமெரிக்கா மீது போர் அறிவிக்கிறது. தகவல் சொல்ல வந்த ஹங்கேரியத் தூதரை அமெரிக்க அதிகாரி விசாரிக்கிறார்.

"உங்க நாடு குடியரசா?"

"இல்லை, முடியரசு."

"அப்போ ராஜா இருக்காரு?"

"ராஜா இல்லை. ஒரு அட்மிரல் ஆள்கிறார்."

"ஓ, பெரிய கடற்படை இருக்கா?"

"எங்களுக்குக் கடலே இல்லை."

"சரி, எங்க மேல என்ன கோபம்?"

"ஒண்ணும் இல்லை. எங்க கோபமெல்லாம் ருமேனியா மேலதான்."

"அப்போ ருமேனியாவோடயும் சண்டையா?"

"ஐயையோ, அவங்க எங்க கூட்டாளி."

நல்ல ஜோக்தான். நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஹோர்த்தி தப்பித்துப் போகும் முதல் வாசலே இந்த ஜோக்தான் என்பது என் கட்சி. கடலில்லாத அட்மிரல், ராஜா இல்லாத ராஜ்யம், வெள்ளைக் குதிரை, மார்பு நிறையப் பதக்கம். கேட்டவுடன் ஒரு கோமாளி மனசில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். கோமாளியிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இரண்டாவது வாசலை ஹங்கேரியின் வலதுசாரிகள் முப்பது வருடமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். பாவம் கிழவர், இந்தப் பக்கம் ஹிட்லர், அந்தப் பக்கம் ஸ்டாலின், நடுவில் ஒரு சின்ன நாடு, அவரால் என்ன செய்திருக்க முடியும்? 2017-இல் பிரதமர் விக்டர் ஓர்பான் ஒரு மேடையில் அவரை அசாதாரணமான ராஜதந்திரிகளின் வரிசையில் சேர்த்துப் பேசினார். இரண்டு வாசலும் ஒரே தெருவுக்குத்தான் போகின்றன. ஹோர்த்தி எதையும் தீர்மானிக்கவில்லை, எல்லாம் அவருக்கு நடந்தது என்ற தெருவுக்கு.

நான் இதை ஒப்புக்கொள்ள மறுப்பதற்கு அவருடைய தொழிலே காரணம். கடற்படையில் ஒரு பழைய விதி உண்டு. கப்பல் தரைதட்டினால் கேப்டன்தான் பொறுப்பு. அவர் அப்போது கீழே அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, சுக்கானைப் பிடித்திருந்தது வேறொருவனாக இருந்தாலும் சரி. ஹோர்த்தி 14 வயதில் ஃபியூமே துறைமுகத்திலிருந்த கடற்படைப் பள்ளியில் சேர்ந்தவர். ஃபியூமே இன்று குரோஷியாவின் ரியேகா. அந்த விதியைத் தின்று வளர்ந்தவர் அவர். அவரை வேறு எந்த அளவுகோலாலும் அளக்க வேண்டாம். அவருடைய அளவுகோலே போதும்.

அவர் பிறந்தது 1868-இல், கெண்டெரெஷ் என்ற ஊரில், ஒரு புராட்டஸ்டன்ட் நிலவுடைமைக் குடும்பத்தில். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கடற்படை ஒரு விசித்திரமான உலகம். ஒரே கப்பலில் ஜெர்மன், இத்தாலி, குரோஷிய, செக், ஹங்கேரிய மொழிகள் புழங்கும். ஹோர்த்திக்கு அரை டஜன் மொழிகள் வரும். இலக்கிய வாசகர்களுக்கு ஒரு உபரித் தகவல்: அந்தக் கடற்படையின் தலைமைத் துறைமுகமான போலாவில் 1904-05 காலத்தில் அதிகாரிகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த இளம் வாத்தியார்களில் ஒருவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1909-லிருந்து ஐந்து வருடம் ஹோர்த்தி கிழட்டுப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசெஃப்பின் மெய்க்காவல் அதிகாரி. கடைசிவரை அவருடைய லட்சிய மனிதர் அந்தப் பேரரசர்தான்.

அவர் கோழை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வழக்கின் பாதி கனம் இதில் இருக்கிறது. 1917 மே 15, ஒட்ரான்டோ நீரிணை. ஹோர்த்தி 'நோவாரா' என்ற க்ரூஸரின் கேப்டன். எதிரியின் கடல் மறியலை உடைக்கப் போன சண்டையில் குண்டுச் சிதறல் பட்டு மோசமாகக் காயமடைகிறார். ஸ்ட்ரெச்சரை மேல்தளத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, படுத்தபடியே நினைவு தப்பும்வரை உத்தரவு கொடுக்கிறார். ஹங்கேரியக் குழந்தைகள் ஒரு தலைமுறை முழுக்க இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தார்கள். உண்மைக் கதைதான். இந்த ஸ்ட்ரெச்சரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1918 பிப்ரவரியில் கத்தாரோ விரிகுடாவில் (இன்றைய மாண்டினீக்ரோவின் கோட்டோர்) மாலுமிகள் செங்கொடி ஏற்றினார்கள். பசி, சோர்வு, போரை நிறுத்து என்ற கோரிக்கை. மூன்று நாளில் கலகம் அடங்கியது. நான்கு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்தக் கலகத்துக்குப் பிறகுதான் பல மூத்த அதிகாரிகளைத் தாண்டி, 49 வயது ஹோர்த்தியின் கையில் முழுக் கடற்படையும் கொடுக்கப்பட்டது. எதற்காக? ஒழுங்கை நிலைநாட்டுவார் என்பதற்காக. அதாவது, கீழே இருப்பவன் ஒவ்வொருவனும் தன் செயலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று நிலைநாட்ட. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று பேரரசரின் ஆணைப்படி அந்தக் கடற்படையைத் தென்ஸ்லாவியர்களிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பேரரசு சிதறியது. ஹங்கேரிக்குக் கடல் போயிற்று.

சரி, கடலில்லாத அட்மிரல் அரசியல்வாதியானது எப்படி? இங்கேதான் நம்மூர் ஆட்களும் காது கொடுக்க வேண்டும். 'நாட்டை ஒரு மிலிட்டரிக்காரன் கையில் கொடுத்தால் ஆறே மாசத்தில் சரியாயிடும்' என்று சொல்லும் சித்தப்பா இல்லாத குடும்பம் உண்டா என்ன?

1919 மார்ச்சில் பேலா குன் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 133 நாள் நீடித்தது. அதுவும் ரத்தம் சிந்திய ஆட்சிதான். அதைக் கவிழ்த்தது ஹோர்த்தி இல்லை, ருமேனிய ராணுவம். ஹோர்த்தி அப்போது பிரெஞ்சுப் படைகளின் பாதுகாப்பிலிருந்த செகெட் நகரில் 'தேசிய ராணுவம்' என்று ஒன்றைத் திரட்டிக்கொண்டிருந்தார். நவம்பரில் ருமேனியர்கள் புடாபெஸ்ட்டைக் காலிசெய்த பிறகு, 16-ஆம் தேதி, வெள்ளைக் குதிரையில் ஏறி உள்ளே வந்தார். வந்து, நகரத்தைப் பாவம் செய்த நகரம் என்று திட்டினார். யோசித்துப் பாருங்கள், சண்டை போடாமலே ஜெயித்த தளபதி, தோற்ற நகரத்துக்குப் பாவமன்னிப்பு கொடுக்கிறார்! வெள்ளைக் குதிரை என்பது ஒரு சம்பவமே இல்லை, போஸ்டர். அந்தப் போஸ்டர் கால் நூற்றாண்டு ஓடியது.

போஸ்டருக்குப் பின்னால் இருந்தவர்களின் பெயர்கள்: பால் ப்ரோனாய், இவான் ஹெய்யாஷ், ஜூலா ஒஸ்டென்புர்க். அதிகாரிகளைக் கொண்ட கொலைக்குழுக்கள். கிராமங்களில் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களையும் யூதர்களையும் தூக்கிலிட்டார்கள், சித்திரவதை செய்து கொன்றார்கள். பலியானவர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1920 பிப்ரவரியில் 'நேப்சாவா' என்ற சோஷலிஸ்ட் நாளிதழின் ஆசிரியர் பேலா ஷொமோஜியும் இளம் நிருபர் பேலா பாச்சோவும் கடத்திக் கொல்லப்பட்டு தன்யூபில் வீசப்பட்டார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 1 அன்று நாடாளுமன்றம் ஹோர்த்தியை ரீஜென்ட்டாக, அதாவது அரசப் பிரதிநிதியாக, தேர்ந்தெடுத்தது. கட்டடத்துக்குள்ளும் வெளியேயும் ஒஸ்டென்புர்க்கின் ஆட்கள் ஆயுதத்தோடு நின்றார்கள். 141-க்கு 131 வாக்குகள். மீதிப் பத்துப் பேரின் தைரியத்தை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

இந்தக் குழுக்களுக்கு ஹோர்த்தி எழுத்தில் உத்தரவு கொடுத்தாரா என்று அவருடைய ஆதரவாளர்கள் கேட்பார்கள். காகிதம் எங்கே, காட்டு என்பார்கள். நான் கேட்பது வேறு. அவருடைய கட்டளைக்குக் கீழிருந்த அதிகாரிகள் இவர்கள். எத்தனை பேரை அவர் தண்டித்தார்? கத்தாரோவில் செங்கொடி ஏற்றியவனுக்குத் துப்பாக்கி, ஓர்கோவான் காட்டில் மனிதர்களைக் கொன்று தொங்கவிட்டவனுக்கு மன்னிப்பு. ஒழுக்கம் என்று அவர் சொன்னது ஒருபக்கத் தராசு.

1920 செப்டம்பரில் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க ஒரு சட்டம் வந்தது. சட்டத்தில் யூதர் என்ற வார்த்தை இல்லை. 'இனங்கள், தேசியங்கள்' அவரவர் மக்கள்தொகை விகிதப்படி என்று நாசூக்காக எழுதியிருந்தார்கள். ஹிட்லர் அப்போது முனிக் மதுக்கூடங்களில் கத்திக்கொண்டிருந்த ஆள். ஆகவே, 'ஜெர்மனி நிர்ப்பந்தித்தது' என்ற சாக்கு இங்கே செல்லாது.

இடைப்பட்ட வருடங்களை வேகமாகத் தாண்டலாம். த்ரியனான் ஒப்பந்தம் நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தைப் பறித்தது. அந்தக் காயம் உண்மையானது, அதை வைத்துப் பிழைப்பு நடத்தியதும் உண்மையானது. அன்றாட நிர்வாகத்தைப் பிரதமர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஹோர்த்தி புடா அரண்மனையில் அட்மிரல் சீருடையோடு, வேட்டையும் பிரிட்ஜ் சீட்டாட்டமுமாக வாழ்ந்தார்.

ஆனால் ஒரு சம்பவத்தில் நிற்கத்தான் வேண்டும். 1921. பதவியிழந்த அரசர் நான்காம் கார்ல் தன் சிம்மாசனத்தைக் கேட்டு இரண்டு முறை ஹங்கேரிக்குத் திரும்பி வந்தார். ஹோர்த்தி விசுவாசப் பிரமாணம் செய்துகொடுத்த அதே அரசர். யாருக்காகப் பிரதிநிதி என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ அதே ஆள். முதல் முறை பேசி அனுப்பினார். அக்டோபரில் அரசர் படையோடு ரயிலில் புடாபெஸ்ட்டை நோக்கி வந்தபோது, புடாவோர்ஷில் அவர் ஆட்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசரைப் பிடித்து பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார்கள். அவர் மதேய்ரா தீவில் அடுத்த வருடம் இறந்துபோனார். அரசரை ஏற்றால் அண்டை நாடுகள் படையெடுக்கும் நிலை இருந்தது, அதனால் ஹோர்த்தியின் முடிவு சரியானதாகவே இருக்கலாம். என் கேள்வி முடிவு சரியா தப்பா என்பதில்லை. சொந்த அரசர் மீதே சுடத் துணிந்த மனிதர் இவர். தேவைப்பட்டால் பிரமாணத்தையும் தூக்கிப் போடத் தெரிந்தவர். முடிவெடுக்கத் தெரியாத பொம்மை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இனி 1944. இங்கேதான் அவருடைய வக்கீல்கள் எழுந்து நிற்பார்கள்.

அவர்கள் வாதத்தின் வலுவான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். 1938 முதல் 1941 வரை மூன்று யூத எதிர்ப்புச் சட்டங்கள் வந்தன, வாஸ்தவம். யூத ஆண்களைப் பணிப்படை என்ற பெயரில் ஆயுதமில்லாமல் போர்முனைக்கு அனுப்பினார்கள், வாஸ்தவம். ஆனால் ஹிட்லர் கேட்டும் ஹோர்த்தி யூதர்களை ஒப்படைக்கவில்லை. 1944 தொடக்கத்தில் ஹங்கேரியில் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் உயிரோடு இருந்தார்கள். ஹிட்லரின் பிடியிலிருந்த ஐரோப்பாவில் வேறெங்கும் இப்படி இல்லை. மார்ச் 19 அன்று ஜெர்மன் படை உள்ளே நுழைந்தது. அதன்பின் ஹோர்த்தி கைதி. அப்படியும் ஜூலையில் ரயில்களை நிறுத்தி, புடாபெஸ்ட்டின் சுமார் 2 லட்சம் யூதர்களைக் காப்பாற்றினார். இதுதான் வாதம்.

இதிலுள்ள ஒவ்வொரு தகவலும் சரி. 'கைதி' என்ற ஒரு வார்த்தையைத் தவிர.

மார்ச் 19-க்குப் பிறகும் அவர் ரீஜென்ட்டாகத்தான் இருந்தார். அரண்மனையில்தான் இருந்தார். ராஜினாமா செய்யவில்லை. ஜெர்மானியர்கள் விரும்பிய ஸ்தோயாய் என்பவரைப் பிரதமராக நியமித்தது அவர் கையெழுத்து. மார்ச் 29 அமைச்சரவைக் கூட்டத்தில் ஸ்தோயாய் சொன்னது பதிவில் இருக்கிறது: யூதர்கள் தொடர்பான ஆணைகளில் அரசுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்துவிட்டார் ரீஜென்ட், அதில் தலையிட விரும்பவில்லை. 1917-இல் குண்டு பட்டு ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கப்பலை நடத்தியவர், 1944-இல் இரண்டு காலில் நின்றுகொண்டு, 'இது என் டிபார்ட்மென்ட் இல்லை' என்கிறார்.

பிறகு நடந்ததன் வேகம் இன்றும் நம்ப முடியாதது. ஏப்ரல் 5 முதல் மஞ்சள் நட்சத்திரம். ஏப்ரல் நடுவில் கெட்டோக்கள். மே 15 முதல் ஜூலை 9 வரை, 56 நாளில், 140-க்கும் மேற்பட்ட ரயில்களில் சுமார் 4,37,000 பேர். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸ். ஐக்மனோடு வந்த ஜெர்மன் குழு இருநூறு பேரைத் தாண்டாது. வீடு வீடாகப் போய் ஆளை இழுத்தது, கம்மலைக் கழற்றியது, ரயில்பெட்டியில் அடைத்துப் பூட்டியது எல்லாம் சேவல் இறகுத் தொப்பி வைத்த ஹங்கேரிய ஜெண்டார்ம்கள், கிராமப்புற ஆயுதப் போலீஸ். சம்பளம் கொடுத்தது ஹங்கேரிய அரசு. அந்த அரசின் தலைவர் யார் என்று திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஜூலைக்கு வருவோம். நேச நாடுகள் நார்மண்டியில் இறங்கிவிட்டன. போப்பாண்டவர், ஸ்வீடன் அரசர், ரூஸ்வெல்ட் எல்லோரும் நெருக்குகிறார்கள். தன்னையே கவிழ்க்க ஒரு சதி நடப்பதாகவும் ஹோர்த்திக்குத் தகவல் வருகிறது. உடனே கர்னல் கொசோரூஷின் கவசப் படை புடாபெஸ்ட்டில் இறங்குகிறது, ஜெண்டார்ம்கள் தலைநகரை விட்டு வெளியேற்றப்படுகிறார்கள், நாடுகடத்தல் நிற்கிறது. இத்தனையும் ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நடுவில். அதே 'கைதி' செய்தது. இன்னொன்றும் நடந்தது: ஜூலை நடுவில், தடையை மீறி ஐக்மன் கிஷ்டார்ச்சா முகாமிலிருந்து ஒரு ரயிலை அனுப்பினார். தகவல் கிடைத்ததும் ஹோர்த்தியின் உத்தரவில் அந்த ரயில் வழியிலேயே மறித்துத் திருப்பப்பட்டது. சில நாள் கழித்து யூத சபையினரைத் தன் அலுவலகத்திலேயே நாள் முழுக்க உட்காரவைத்து, யாருக்கும் சேதி போகாமல் பார்த்துக்கொண்டுதான் ஐக்மனால் மறுபடி அனுப்ப முடிந்தது. பாருங்கள், ஐக்மனே அவருக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்ய வேண்டியிருந்தது! ஹோர்த்தியின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அவரைக் காப்பாற்ற அவருடைய வக்கீல்கள் கொண்டுவரும் ஜூலைதான் மே மாதத்துக்கான குற்றப்பத்திரிகை. ஜூலையில் முடிந்தது மே மாதம் ஏன் முடியவில்லை?

தெரியாது என்கிறார் ஹோர்த்தி. நாடுகடந்து போர்ச்சுக்கலில் இருந்தபோது வெளியிட்ட தன் நினைவுக் குறிப்புகளில், அழிப்பு முகாம்களைப் பற்றிய உண்மை ஆகஸ்டில்தான் தனக்கு வந்து சேர்ந்தது என்று எழுதுகிறார். அப்படியென்றால் ஜூலையில் எதை நிறுத்தினீர்கள் ஐயா? சுற்றுலாவையா?

அவருக்குத் தெரிந்திருக்க மூன்று வருட அவகாசம் இருந்தது. 1941 கோடையில் ஹங்கேரியக் குடியுரிமையை நிரூபிக்க முடியாத யூதர்கள் 16,000-க்கும் மேற்பட்டவர்களை எல்லைக்கு அப்பால் துரத்திவிட்டது அவருடைய அரசு. ஆகஸ்ட் கடைசியில் காமியானெட்ஸ்-போடில்ஸ்கியில் உள்ளூர் யூதர்களையும் சேர்த்து 23,600 பேரை எஸ்.எஸ். படை சுட்டுக் கொன்றது. செய்தி புடாபெஸ்ட்டுக்கு வந்தது. உள்துறை அமைச்சர் அந்த நாடுகடத்தலை நிறுத்தினார். நாடுகடத்தல் என்றால் என்ன அர்த்தம் என்று அன்றே தெரிந்துவிட்டது. 1943 ஏப்ரலில் கிளெஸ்ஹைம் மாளிகையில் ஹிட்லரும் ரிப்பன்ட்ராப்பும் ஹோர்த்தியை உட்காரவைத்துப் பேசினார்கள். யூதர்களை ஒன்று அழிக்க வேண்டும், இல்லை முகாமில் அடைக்க வேண்டும், வேறு வழி கிடையாது என்று ரிப்பன்ட்ராப் நேருக்கு நேராகச் சொன்னார். அந்த உரையாடலின் குறிப்பு பின்னால் நியூரம்பர்க் நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்கப்பட்டது. அன்று ஹோர்த்தி மறுத்துவிட்டுத்தான் வந்தார். அது அவருக்குப் பெருமையாக இருக்கட்டும். ஆனால் கேட்டுவிட்டு வந்தவர், 'தெரியாது' என்று சொல்ல முடியாது.

அவர் உண்மையில் எப்படி யோசித்தார் என்பதற்கு 1940 அக்டோபரில் பிரதமர் டெலெகிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்க யூத எதிர்ப்பாளனாகவே இருந்திருக்கிறேன் என்று அதில் அவரே சொல்கிறார். ஆனால் தொழிலும் வங்கியும் அவர்கள் கையில் இருப்பதால் ஒன்றிரண்டு வருடத்தில் அவர்களை அகற்றினால் நாடு திவாலாகிவிடும் என்கிறார். புடாபெஸ்ட்டின் பணக்கார, படித்த, அவரோடு பழகிய யூதர்கள் வேறு. கிழக்கு மாகாணங்களின் ஏழை, தாடி வைத்த, இட்டிஷ் பேசும் யூதர்கள் வேறு. மே மாதம் முதலில் கிளம்பிய ரயில்கள் எங்கிருந்து கிளம்பின என்று பாருங்கள்: கார்ப்பாத்தியப் பகுதி, வடக்கு டிரான்சில்வேனியா. சிகெட் ஊரின் எலீ வீசெல் அதில் போனார், வயது 15. புடாபெஸ்ட்டின் முறை வந்தபோதுதான் அட்மிரலுக்கு நினைவு திரும்பியது. அப்போதும் புறநகர்கள் தப்பவில்லை. அந்தக் கோடையில் வேலைக்குப் போகும் வழியில் பிடிபட்ட 14 வயதுப் பையன் இம்ரே கெர்தேஸ் ஆஷ்விட்ஸ் போய்ச் சேர்ந்தான். 2002-இல் நோபல் பரிசு வாங்கியது அந்தப் பையன்தான். அவருடைய நாவலைப் படித்துவிட்டுப் பரவசப்படும் நாம், அவரை ரயிலில் ஏற்றிய அரசாங்கத்தின் தலைவரைப் பற்றி ஜோக் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

டெலெகியின் பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1920 சட்டமும் 1939 சட்டமும் அவர் பிரதமராக இருந்தபோது வந்தவை. நல்லவரென்று சொல்ல வரவில்லை. ஆனால் 1941 ஏப்ரலில், நான்கு மாதம் முன்புதான் நட்பு ஒப்பந்தம் போட்ட யூகோஸ்லாவியாவை ஜெர்மனியோடு சேர்ந்து தாக்க ஹோர்த்தி முடிவெடுத்தபோது, அயோக்கியர்கள் பக்கம் போய்விட்டோம், உங்களைத் தடுக்காதது என் குற்றம் என்று எழுதிவைத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொண்டார். அவர் கடலையே பார்க்காத உத்தியோகம் பார்த்தவர், புவியியல் பேராசிரியர். அட்மிரல் கடிதத்தைப் படித்தார். படை கிளம்பியது.

1944 அக்டோபர் 15 அன்று ஹோர்த்தி சோவியத்தோடு போர்நிறுத்தம் என்று வானொலியில் அறிவித்தார். அரைகுறை ஏற்பாடு. அவருடைய மகனை ஜெர்மானியர்கள் கடத்திவிட்டார்கள். மறுநாள் அதிகாரத்தை அம்புச் சிலுவைக் கட்சியின் ஸாலாஷியிடம் ஒப்படைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மகனுக்காகத் தளர்ந்த தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். மே மாதத்துத் தகப்பன்மார்களும் என் நினைவுக்கு வருகிறார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதம், பணிப்படையிலிருந்த கவிஞர் மிக்லோஷ் ராட்னோட்டி அப்தா கிராமத்தருகே சுட்டுக் குழியில் தள்ளப்பட்டார். 1946-இல் தோண்டியபோது அவருடைய கோட்டுப் பையில் கடைசிக் கவிதைகளின் நோட்டு இருந்தது. அவரைக் கொல்லும்போது ஹோர்த்தி பதவியில் இல்லைதான். அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்த பணிப்படை ஹோர்த்தி காலத்துச் சட்டத்தில் பிறந்தது.

ஹோர்த்தியை யாரும் விசாரிக்கவில்லை. நியூரம்பர்க்குக்கு அவர் சாட்சியாகத்தான் போனார். போர்ச்சுக்கலின் எஸ்டோரில் கடலோரத்தில், பழைய நண்பர்களின் பண உதவியில் வாழ்ந்தார். உதவியவர்களில் தப்பிப் பிழைத்த யூதத் தொழிலதிபர்களும் உண்டு. 1957-இல் இறந்தார். 1993 செப்டம்பரில் உடலைக் கொண்டுவந்து கெண்டெரெஷில் மறுபடி அடக்கம் செய்தார்கள். 2013-இல் புடாபெஸ்ட்டின் சுதந்திரச் சதுக்கத்திலுள்ள ஒரு தேவாலய வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

அடுத்த வருடம் அதே சதுக்கத்தில் அரசாங்கம் ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நினைவுச்சின்னம் ஒன்றை எழுப்பியது. ஒன்றும் அறியாத தேவதூதன் ஹங்கேரி, மேலிருந்து பாய்கிற கழுகு ஜெர்மனி. ஜெண்டார்மின் தொப்பி அந்தச் சிற்பத்தில் எங்கும் இல்லை. அதன் எதிரே, யார் அனுமதியும் கேட்காமல், ஜனங்கள் தங்கள் வீட்டிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். தாத்தாவின் போட்டோ, பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதம், பழைய சூட்கேஸ், ஒரு ஜோடி செருப்பு, கண்ணாடி.